கார் விலை இரண்டு லட்சம், கிளட்ச் - கியர்பாக்ஸ் செலவு ஒரு லட்சம்: செய்யலாமா, விற்கலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். 2014 ஆகஸ்டில் பதிவான டீசல் கார், 2019இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1,48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டாக் எடுக்க வாரம் இரண்டு முறை தஞ்சாவூர் போய் வருவேன், மாதம் 800 கி.மீ. ஆகும். இரண்டு மாதமாக ரயில்வே மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. ரிவர்ஸ் போட்டால் சில நேரம் 'கர்ரக்' என்று உரசுகிறது. நியூட்ரலில் நிற்கும்போது ஒரு சத்தம் வருகிறது, கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. மற்றபடி ஐந்து கியரும் ஒழுங்காக விழுகின்றன, ஓடும்போது சத்தம் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரி சேர்த்து 1,11,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள்: கிளட்ச் செட் 24,500, டூயல் மாஸ் ஃப்ளைவீல் 38,000, கியர்பாக்ஸ் ஓவர்ஹால் கிட் 31,000, லேபர் 14,500, ஆயில் வகைகள் 3,200. இப்படியே கொடுத்தால் 1,40,000 தருவதாகப் பழைய கார் வியாபாரி சொல்கிறார். சரி செய்து கொண்டுவந்தால் 2,40,000 போகுமாம். இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு ஒரு லட்சம் செலவழிப்பது பைத்தியக்காரத்தனம், விற்றுவிடு என்கிறார் என் கணவர். என்ன செய்வது? முடிவெடுக்கும் வரை ஓட்டலாமா? (போன மாதம் இரண்டு தடவை பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று ஊற்றினார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று தெரியவில்லை.)

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். கிளட்ச்சை மாற்றுங்கள், காரை இப்போது விற்க வேண்டாம். ஆனால் அந்த எஸ்டிமேட்டில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். அதில் பாதிக்கு மேற்பட்ட தொகை, கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத வேலைகளுக்கானது. டெஸ்ட் எடுக்காமல் எழுதிய மருந்துச் சீட்டை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ, இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அடைப்புக்குறிக்குள் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, பிரேக் ஆயில் விஷயம், உங்கள் கடிதத்திலேயே அதுதான் முக்கியமான வரி. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. பிரேக் பேடு தேயத் தேய மட்டம் மெல்ல இறங்கும், அது இயல்பு. ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரமில்லை, பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் பக்கமும் ஈரமில்லை என்றால், மிச்சம் இருப்பது கிளட்ச்சின் சிலேவ் சிலிண்டர், அதாவது பெடல் தள்ளும் ஆயிலை வாங்கிக் கிளட்ச்சைப் பிரிக்கிற பாகம். உங்கள் காரைப் போன்றவற்றில் அது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில், வெளியே தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஒழுகினால் தரையில் சொட்டுக்கூட விழாமல் போகலாம். உள்ளே கிளட்ச் பிளேட்டில் பட்டால் பிளேட் வழுக்கும். பிரஷர் குறைந்தால் பெடலை முழுதும் மிதித்தாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது.

முழுதாகப் பிரியாத கிளட்ச்தான் ரிவர்ஸில் உரசும். நிறையக் கார்களில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ, அதாவது சுற்றும் வேகத்தைச் சமன்படுத்திக் கியரை உரசாமல் விழவைக்கும் வளையம், கிடையாது. உள்ளே ஷாஃப்ட் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருந்தாலும் பல்லோடு பல் உரசும். இதை வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், ரிவர்ஸ் உட்பட. வெண்ணெய் மாதிரி விழும். இப்போது எஞ்சினை ஓட விட்டு, நியூட்ரலில் கிளட்ச்சை அடிவரை மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் தவறு கிளட்ச் பிரிவதில் இருக்கிறது, கியர்பாக்ஸில் இல்லை. பெடலை விறுவிறுவென்று நான்கு முறை பம்ப் செய்துவிட்டுப் போட்டால் உரசாமல் விழுகிறதா? அப்படியென்றால் ஹைட்ராலிக்கில் காற்றோ ஒழுக்கோ இருக்கிறது என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிடலாம்.

மேம்பாலத்தில் இழுக்காதது கிளட்ச் ஸ்லிப். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் உறுதி செய்துகொள்ளுங்கள்: ஆளில்லாத சமதள ரோட்டில் நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி, வேக முள் அதன் பின்னால் சோம்பேறித்தனமாக வந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் தீய்ந்துவிடும்.

மூன்றாவது, நியூட்ரல் சத்தம். இதைக் கேட்டதும்தான் அவர்கள் 'கியர்பாக்ஸ் ஓவர்ஹால்' என்று எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால், எஞ்சின் சுழற்சியைக் கிளட்ச் வழியாக வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சுற்றும்போது மட்டும் வரும் சத்தம் அது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சீரான 'ஊம்ம்' என்ற இரைச்சலாக இருந்தால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. 'கடகட'வென்று தளர்ந்த சத்தமாக, ஏசி போட்டதும் மாறுவதாக இருந்தால், பேரிங் நன்றாகவே இருக்கும். எஞ்சின் துடிப்பைக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் அடக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலின் உள் ஸ்பிரிங்குகள் களைத்துப்போய், எஞ்சின் துடிப்பு அடக்கப்படாமல் கியர் பற்களைத் தட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை அணைக்கிற கணத்தில் 'டொக்கு டொக்கு' என்று கேட்டால் இந்த இரண்டாவது காரணத்துக்கு இன்னும் பலம்.

இரண்டில் எதுவாக இருந்தாலும் 31,000 ரூபாய் ஓவர்ஹாலுக்கு நியாயம் கிடையாது. சிங்க்ரோ போயிருந்தால் இரண்டாவது கியருக்கு இறக்கும்போது உரசும். கியர் பல் தேய்ந்திருந்தால் அந்தக் கியரில் மட்டும் ஊளையிடும். டிஃபரென்ஷியல் பேரிங் என்றால் எந்தக் கியரில் இருந்தாலும் வண்டி வேகத்தோடு சத்தம் ஏறும். கியரைத் தள்ளிப் பூட்டும் ஃபோர்க்கோ ஸ்லீவோ தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே குதிக்கும். நீங்கள் இதில் ஒன்றையும் எழுதவில்லை. ஐந்து கியரும் ஒழுங்கு என்கிறீர்கள். ஒழுங்காக இருக்கிற கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டுவதில் ஆபத்தும் உண்டு. உள்ளே ஷிம் கனம், பேரிங் பிரீலோடு என்று நூலிழைக் கணக்குகள் இருக்கின்றன. அவசரக்கை பட்டால் சத்தமில்லாமல் போன பெட்டி ஊளையிட்டுக்கொண்டு திரும்பி வரும்.

கியர்பாக்ஸ் உள்ளே எப்படி இருக்கிறது என்று பிரிக்காமலே அறிய ஒரு வழி இருக்கிறது, செலவும் சொற்பம். கியர் ஆயிலை வடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பல கார்களில் டிரெயின் போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடிய பெட்டிக்கு அது சகஜம். விரலில் நெருடும் சில்லோ, ஊசி மாதிரித் துண்டோ இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைந்திருக்கிறது. வடித்த ஆயிலை வெயிலில் காட்டிப் பாருங்கள். தங்கப்பொடி தூவியதுபோல் மினுக்கினால் பித்தளைச் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. எவ்வளவு ஆயில் வடிந்தது என்றும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு லிட்டருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லிட்டர்தான் வந்தது என்றால், டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் வழியாக நாள்பட ஒழுகியிருக்கிறது, பேரிங் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது ஊரெல்லாம் சொல்கிற கணக்கு: வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் செய்யாதே. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சந்தை விலை என்பது விற்கிறவருக்கான எண். நீங்கள் விற்கப் போகிறவர் இல்லை, வாரம் இரண்டு முறை தஞ்சாவூர் போக வேண்டியவர். கார் போனால் அதற்குப் பதில் என்ன வரும், அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதோடுதான் ரிப்பேர் செலவை ஒப்பிட வேண்டும்.

புதுக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு மீதி 7 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 14,500. இன்னொரு பழைய கார் என்றால், சங்கடமில்லாத ஒன்று இன்றைக்கு 4 லட்சத்துக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். உங்கள் 1,40,000 போக 2,60,000 கையிலிருந்து போடவேண்டும். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் அதற்கு மேலே. அந்தக் காரின் கிளட்ச்சை யார் எப்படி மிதித்தார்கள் என்பதும் தெரியாது. இந்தக் காரில் ஆறேழு வருடமாக நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குச் சந்தையில் விலை கிடைக்காது, ஆனால் உங்களுக்கு அது பணம்தான்.

இப்போது உங்கள் எஸ்டிமேட்டை நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று பாருங்கள். கிளட்ச் செட், அதாவது பிளேட், பிரஷர் பிளேட், சிலேவ் சிலிண்டரோடு சேர்ந்த ரிலீஸ் பேரிங், 24,500. இந்த விலைக்குள் சிலேவ் சிலிண்டரும் அடங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள், விட்டுவிடுவார்கள். லேபர் 14,500, ஆயில் 3,200. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றச் சொல்லுங்கள். இரண்டாயிரத்துக்குள் முடியும், பின்னால் தனியாகச் செய்தால் இதே லேபரை மறுபடி அழ வேண்டும். இன்புட் பேரிங்தான் சத்தம் என்று உறுதியானால் அதற்கும் பிரிக்கும் கூலிக்கும் எட்டாயிரம் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 52,000 சொச்சம். ஃப்ளைவீலும் போயிருந்தால் 90,000.

முதல் தொகை நான்கு மாதத் தவணைக்கும் குறைவு. இரண்டாவது ஆறு மாதத் தவணையைக் கொஞ்சம் தாண்டும். உங்கள் ஆர்.சி. 2029 ஆகஸ்ட் வரை செல்லும். அதுவரை மூன்று வருடம் என்றே வைத்தாலும், 52,000 என்பது மாதம் 1,450 ரூபாய். 90,000 என்றாலும் 2,500. மாதம் 800 கி.மீ. ஓட்டத்துக்கு மூன்று வருடத்தில் 29,000 கி.மீ.தான் ஆகும்; ஒழுங்காக ஓட்டினால் புதுக் கிளட்ச் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும். பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரியும் உண்டு. அதை அப்போது யோசிக்கலாம்.

ஃப்ளைவீல் விஷயத்தில் நான் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். கிளட்ச்சோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது சர்வீஸ் சென்டர்களின் வழக்கம். அதில் அவர்கள் பக்க நியாயமும் இருக்கிறது: ஆறு மாதம் கழித்துப் போனால் மறுபடி இறக்க வேண்டும், திட்டு வாங்குவது அவர்கள்தான். ஆனால் 38,000 ரூபாய் சாமானைப் பார்த்துவிட்டு மாற்றுவதில் தப்பில்லை. கியர்பாக்ஸ் இறங்கியதும் போன் செய்யச் சொல்லி நேரில் போங்கள். ஃப்ளைவீலின் வெளிப்புறத் தட்டைக் கையால் வலமும் இடமும் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுவதுபோல் கொஞ்சம் அசைந்து திரும்பி வந்தால் நல்லது. எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால், முன்னும் பின்னும் சாய்ந்தாடினால், ஓரத்தில் கிரீஸ் கசிந்திருந்தால், முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள் இருந்தால், மாற்றிவிடுங்கள். அந்தந்த மாடலுக்கு எவ்வளவு ஆடலாம் என்று கம்பெனி அளவு இருக்கிறது. அளந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டுங்கெட்டானாக இருந்தால், லேபரை நினைத்து, மாற்றிவிடுவதே மேல். டூயல் மாஸை எடுத்துவிட்டுச் சாதா ஃப்ளைவீல் போட்டுவிடலாம், பாதி விலை என்று வெளியே ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த அதிர்வெல்லாம் பிறகு கியர்பாக்ஸ் தலையில்தான் விடியும். உங்களுக்கு வேண்டாம்.

வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்யலாமா என்றால், டீசல் டூயல் மாஸ் வண்டிகளை வாடிக்கையாகச் செய்கிறவர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம். கிளட்ச் செட்டுகளைக் கார் கம்பெனிகள் தாங்களே செய்வதில்லை. லூக், வேலியோ, சாக்ஸ், எக்செடி போன்றவர்கள் செய்து கொடுப்பதுதான். லூக்குக்கு நம் ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. அதே சாமான் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். டீலர் பில்லோடு வாங்குங்கள், போலி நிறைய நடமாடுகிறது. பழைய பிளேட்டுக்கு லைனிங் ஒட்டித் தருகிறேன் என்றால் அது லாரிக்குச் சரி, இதற்கு வேண்டாம். எஸ்டிமேட்டில் வரி விகிதத்தையும் ஒரு கண் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதே நாளில் சின்னப் புதுக் கார்களுக்கும் வரி குறைந்ததால் பழைய காரின் மதிப்பும் கொஞ்சம் அடிவாங்கியது. வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அதுவும் ஒரு சாக்கு.

ஒருவேளை வடித்த ஆயிலில் சில்லுகள் வந்து, கியர்பாக்ஸும் நிஜமாகவே போயிருந்தால்? அப்போதும் ஓவர்ஹால் கிட்டுக்குப் போகாமல், சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய கியர்பாக்ஸை யோசிக்கலாம். அதே மாடல், அதே டீசல் எஞ்சின், பெட்டி மேல் அடித்திருக்கும் அதே கோடு நம்பர் வேண்டும். பெட்ரோல் வண்டிப் பெட்டியின் பல் விகிதம் வேறு. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான் இருக்கும் என்பதால் ஆர்டிஓ வேலை எதுவும் இல்லை. இந்தப் பெட்டியையும் சேர்த்து மொத்தச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டினால் அங்கே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி.

வேறு இரண்டு காரணங்களுக்காகவும் நான் மாற்றிச் சொல்வேன். எஞ்சின் ஆரோக்கியம் ஒன்று. எஞ்சின் சூடேறியதும் ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வருவது பரவாயில்லை. 'புஸ்புஸ்' என்று புகை தள்ளினால், இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஆயில் ஊற்ற வேண்டியிருந்தால், கிளட்ச்சில் ஒரு ரூபாய் போடாதீர்கள். மற்றொன்று துரு. அதிராம்பட்டினம் கடல் உங்களுக்குப் பக்கம். லிஃப்டில் ஏற்றும்போது சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களையும் அடித்தளத்தையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்துரு இருக்கட்டும். முனை உள்ளே இறங்கினால் வியாபாரியிடம் அந்த 1,40,000ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி செய்து 2,40,000க்கு விற்றால் லாபம்தானே என்று தோன்றியிருக்கும். 1,40,000 என்பது வியாபாரி இன்று எடுத்து வைக்கத் தயாராக இருக்கும் பணம், 2,40,000 என்பது வாய்வார்த்தை. நீங்கள் செலவழித்துவிட்டுப் போய் நிற்கும்போது டயர் தேய்ந்திருக்கிறது, பெயிண்ட் மங்கியிருக்கிறது என்று ஆரம்பிப்பார். நேரடியாக வாங்க ஆள் கையில் இருந்தாலொழிய விற்பதற்காக ரிப்பேர் செய்யாதீர்கள்.

இந்தப் பதில் மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இதே கணக்கைத் தங்கள் வண்டிக்குப் போட வேண்டாம். டூயல் கிளட்ச், சிவிடி எல்லாவற்றுக்கும் நோயும் வேறு, பில்லும் வேறு.

கடைசியாக, அதுவரை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் மாஸ்டர் சிலிண்டர் பக்கமும் ஈரமில்லை, ஒழுகுவது பிரேக்கில் இல்லை என்று பார்த்த பிறகு, ஊருக்குள் கடைக்கும் வீட்டுக்கும் ஒரு வாரம் ஓட்டலாம். தினமும் காலையில் பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், குறைந்தால் மூடியில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள். கிளட்ச் பெடலோ பிரேக் பெடலோ திடீரென்று தரையோடு ஒட்டிக்கொண்டால் அதற்கப்புறம் ஓட்ட வேண்டாம், டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். தஞ்சாவூர் லோடு மட்டும் இந்த வாரம் வேண்டாம். சரக்கை ஏற்றிக்கொண்டு வழுக்கும் கிளட்ச்சோடு மேம்பாலம் ஏறினால் கிளம்பும் சூடு நேராக ஃப்ளைவீலுக்குத்தான் போகும். இன்றைக்குத் தப்பித்திருக்கும் 38,000 ரூபாய் சாமான் அடுத்த வாரம் தப்பிக்காது. ஸ்டாக்கை இந்த ஒரு வாரம் பார்சல் சர்வீஸில் வரவழைத்துக்கொள்ளுங்கள்.